முதுகு காட்டி நிற்பவள்

இன்று காலை மியூசியத்தில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். பேப்பரில் இருந்து வந்த பிள்ளை ஒருத்தி, கையில் கெமரா. நிலத்துக்குப் போட்ட மெழுகின் மணம் அன்று போலவே மூக்கில் ஏறியது. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

அன்று ஒத்திகை மண்டபம் பூட்டிக் கிடந்தது, திறப்பு வந்து சேரவில்லை. வெயிலில் நிற்க உன்னால் முடியாது. "மியூசியத்துக்குள்ள போவம், ஃபேனாவது இருக்கும்" என்று என்னை இழுத்துப் போனாய். நான் ஆடுகிறவள், நீ எனக்குப் பாடுகிறவள். படம் பார்க்கிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. நான் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தபோது நீ ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாய். இறங்குதுறையில் ஒருத்தி. காலடியில் கூடை, தூரத்தில் கப்பல், நமக்கு முதுகு.

"இவள் அழுறாளடி" என்றாய்.

"முகமே தெரியேல்ல, உனக்கென்னண்டு தெரியும்?"

"தோளைப் பார். நீ ஒரு பாட்டு முழுக்க இப்பிடி நிண்டு ஆடன், நான் பாடுறன்."

நான் சிரித்தேன். "சனத்துக்கு முதுகு காட்டினால் டான்ஸ் சோதனையில சைபர் மார்க்ஸ்தான் போடுவினம்."

ஒரு கிழமை கழித்து நான்தான் ஃபோனில் உனக்குக் கோல் எடுத்து, ஆடிப் பார்ப்போம் என்றேன். அந்தத் தோள் என்னை விடவில்லை.

கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு ஆடிப் பழகினோம். வழக்கமாக என் கண்ணையும் கையையும் பார்த்து அடுத்த வரியை எடுப்பாய். நான் திரும்பி நின்றதும் தடுமாறிப் போனாய். மூன்றாம் நாள் கண்டுபிடித்தாய்: "உன்ர வலது தோள் கொஞ்சம் இறங்குது. அப்ப எடுக்கிறன்." அது எனக்கே தெரியாத விஷயம். அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பிந்தவில்லை.

வெள்ளவத்தையில் முதல்தரம் ஆடிய அன்று சனம் எழும்பி நின்று கைதட்டியது. நிகழ்ச்சித் தாளில் "எண்ணமும் நடனமும்" என்று என் பெயர், கீழே சின்ன எழுத்தில் "பாட்டு" என்று உன் பெயர். தாளை எழுதிக் கொடுத்தவள் நான். அதுகூடப் பரவாயில்லை. சபையில் ஒருவர் எழும்பி, இந்த எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டார். நீ இரண்டு முழம் தள்ளி சுருதிப் பெட்டியோடு இருந்தாய். "ஒருநாள் தனிய மியூசியத்துக்குப் போனனான்" என்றேன் நான்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால், கதை அப்படித்தான் நன்றாக இருந்தது. ஒரு கலைஞி, ஒரு ஓவியம், நடுவில் யாரும் இல்லை. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ சிரித்தாய். "பொய் சொல்லேக்கயும் உன்ர தோள் இறங்குதடி, கவனம்." எனக்குக் கோபம் வந்தது. பிழை செய்தவளுக்குத்தானே முதலில் கோபம் வரும். அடுத்த மேடையில் உன் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மேடை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நீ ஒவ்வொன்றிலும் வந்து பாடினாய். ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதமும் தெம்பிலி இளநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டிலடியில் இருந்து ஊர்க்கதை எல்லாம் கதைத்தேன். அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. நீ களைத்துப் போவாய் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன்.

இன்று அந்தப் பிள்ளையும் அதே கேள்வியைக் கேட்டாள். "ஒருநாள் தனிய..." என்று என் வாய் தன்பாட்டில் தொடங்கிவிட்டது. இனி யாருக்குப் பயந்து இந்தப் பொய் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. நிறுத்தினேன்.

"இல்லை தங்கச்சி. என்ர சிநேகிதி ஒராள்தான் இதைக் காட்டினவ. முதுகு காட்டி ஆடச் சொன்னதும் அவதான்."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஐயோ அக்கா, இது இன்னும் நல்ல கதை! அவங்களையும் வரச் சொல்லுங்களன், ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுப்பம்."

நீ போய் எட்டு மாதம் என்றேன். அவள் கெமராவை இறக்கிவிட்டாள். மெல்லக் கேட்டாள்: "அவங்க இருக்கேக்க இதை எங்கயாவது சொல்லியிருக்கிறீங்களா அக்கா?"

"இல்லை."

அவள் குறிப்பெழுதிய பேனை அசையாமல் நின்றது. அதையும் எழுதுங்கோ என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வருமாம். எல்லாரும் வாசிப்பார்கள். நீ வாசிக்க மாட்டாய் என்ற துணிவில்தான் இப்போதாவது சொன்னேனோ என்று யோசிக்கிறேன். அப்படித்தான் என்று தெரிகிறது.