தரங்கம்பாடியில் தங்கிவிட்டவருக்கு

என்னை நடுவழியில் விட்டுப் போன என் அன்புக்குரியவருக்கு,

காக்ஸ் டவுன் வீட்டில் எல்லாரும் சுகம். உங்கள் கார் கொட்டகையில் நிற்கிறது. மாமா அதை விற்கப் பார்க்கிறார். அதில் போனவர் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டதும், வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இதயம் பலவீனம், கடல்காற்று வாங்குங்கள், மெதுவாகப் போங்கள் என்றார் டாக்டர். மழைக்கு முன் திரும்பிவிடலாம் என்றுதான் நம் திட்டம். நீங்கள் அவசரப்பட்டால்தானே? சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கல்லறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தீர்கள். புதுச்சேரியில் ரொட்டி வாங்கவே ஒரு காலைப்பொழுது போனது. பரங்கிப்பேட்டையில் படகுகளை விட்டு வர மனமில்லை. வாத்தியார் புத்தி, ஊருக்கு ஊர் எனக்குச் சரித்திரப் பாடம். தரங்கம்பாடியில், இந்தக் கோட்டையை டேனிஷ்காரர்கள் கட்டினார்கள் என்று ஆரம்பித்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழவே இல்லை.

அன்று அடைமழை. காரைக்காலிலிருந்து நம் கத்தோலிக்கச் சாமியாரை அழைத்துவர அனுப்பிய ஆள், ஆறு பெருகிவிட்டதென்று பாதியில் திரும்பினான். உங்களை அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. அந்த ஊர் லுத்தரன் போதகர் தம் சபைக் கல்லறையில் இடம் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் நனைந்துகொண்டே உங்களைத் தூக்கினார்கள். 

அதுதான் இங்கே இப்போது சண்டை. நான் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளையை வேற்றுச் சபை மண்ணில் விட்டு வந்துவிட்டாளே என்று மாமா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோண்டி எடுத்து வந்து தாத்தா பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அங்கே கல் நட்டு உங்கள் பெயரைக்கூட வெட்டியாயிற்று. இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் கல்லுக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினார்கள், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அடியில் வெறும் மண். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மனைவி சம்மதிக்காமல் தோண்டக் கூடாது என்று சாமியார் சொல்லிவிட்டார். நான் முடியாது என்றேன். செத்த பிறகாவது அவரை நிம்மதியாக விடுங்கள் என்று சத்தம் போட்டேன்.

அன்று மாலை உங்கள் அம்மா அடுப்படிக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"சபை கிபையெல்லாம் உங்க மாமாவுக்கும்மா. எனக்கு அதில்ல. புள்ள மொகத்த நான் கடைசியா பாக்கலியே. தோண்டினா மொகம் தெரியுமா?"

ஒரு வருஷம் ஆகிவிட்டது. 

"தெரியாது, அத்தை" என்றேன்.

 எடுக்க வேண்டாமென்று மாமாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான பாத்த. எப்படி இருந்தான்? சொல்லு."

அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்துகொண்டேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. எத்தனை முறை மூடியும் கண் மூடவில்லை. அந்த முகத்தோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

மழை விட்டதும் அத்தையை உங்களிடம் அழைத்து வருகிறேன், இது சத்தியம். ஒரு டிரைவரைப் பேசிக்கொண்டு, அதே கரையோர வழியில், நீங்கள் நின்ற ஊரிலெல்லாம் நின்று வருவோம். வழியில் எங்காவது மறுபடி கேட்பார். தூங்குகிற மாதிரி இருந்தீர்கள் என்று சொல்லப்போகிறேன். இந்த ஒரு பொய்யில் என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி,
உங்கள் அம்மாவுக்கு இப்போது மகளும் ஆன
அருளம்மா