புரதம் செய்யாத இழைகள்

கிள்ளான் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மாமாக் கடையில் இன்று மதியம் தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் தேநீர், கேட்டேன். வியர்த்த குவளையிலிருந்து ஒரு துளி மெல்ல மேசைக்கு இறங்கியது. குடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீமோ நாட்களில் இப்படி ஒரு குவளையை உன்னால் தொட முடியாது. குளிர் பட்டால் விரல்களில் ஊசி குத்துகிறது என்பாய். ஆனாலும் எனக்கு மட்டும் ஐஸ் போட்டுச் சொல்லிவிட்டு, நான் குடிப்பதை ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பாய்.

கிள்ளானில் எத்தனையோ பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ. பள்ளித் தோழி என்ற சலுகை எனக்குக் கிடைத்ததில்லை; என்னையும் திட்டித்தான் ஓட்டவைத்தாய். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தே இருப்பதால் மூலம் என்று நினைத்து, ரத்தம் போவதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்தாய். பெருங்குடல் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் என்னிடமும்தான். அறுவைக்கு நாள் குறித்த பிறகு சொன்னாய். ஏன் மறைத்தாய் என்று கேட்டதற்கு, "உன் மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிஞ்சிடும்லா" என்றாய்.

வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை எங்கள் கூடத்தின் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று மருத்துவமனையில் கேட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் என்னைத் துறைமுகப் பக்கம் கடற்கரைக்கு அழைத்துப் போனாய். புகைமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிக் கிடந்தன. கப்பல்களின் விளக்குகள் எதன்மேலும் நிற்காமல் மிதப்பது போலிருந்தது. கூடத்தில் நான் அப்படி என்னதான் செய்கிறேன் என்று முதன்முறையாகக் கேட்டாய்.

சொன்னேன். மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ என்ற இழை பிறக்கும். அதைப் படித்து உடல் புரதம் செய்யும். ஆனால் எந்தப் புரதமும் செய்யாத நீளமான இழைகளும் ஏராளம். ஒரு காலத்தில் அவற்றைக் குப்பை என்றே ஒதுக்கினார்கள். எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதில் அவற்றில் பலவற்றுக்குப் பங்கு உண்டு என்று இப்போது தெரிகிறது. பெருங்குடல் புற்றில் சில இழைகள் அளவுக்கு மீறிப் பெருகி, நோய் பரவ உதவுகின்றன. தடுக்க வேண்டிய சில, குறைந்துபோகின்றன. ரத்தத்தில் இவற்றைப் பார்த்து நோயை முன்கூட்டியே அறிய முடியுமா என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீ விளக்குகளிலிருந்து என் பக்கம் திரும்பினாய்.

"இது எனக்கு உதவுமாடி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உனக்கு உதவாது."

"அப்ப யாருக்கு?"

"இன்னும் தெரியல."

"சரி, எடுத்துக்கட்டும்" என்று காரைக் கிளப்பினாய்.

கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது என்று நான் சொன்னது மட்டும் உன் மனதில் தங்கிவிட்டது. கேரி தீவில் எஸ்டேட் லோரி ஓட்டும் உன் தம்பி ஏதேதோ சாக்குச் சொன்னான். கீமோவின் இடைவெளியில் உடம்பு சற்றுத் தேறியிருந்த ஒரு காலையில், 'எல்' அட்டை ஒட்டிய காரோடு அவன் வாசலில் போய் நின்றாய். அவனை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு செம்பனைத் தோட்டங்களின் நடுவே வரும்போது நீ ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம். அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று பிறகு என்னிடம் சொன்னான். அவன் குடலில் இருந்த சிறு கட்டிகளை அன்றே எடுத்துவிட்டார்கள். அவை இன்னும் புற்றாக மாறியிருக்கவில்லை. அதைக் கேட்டு நடைவழி நாற்காலியில் சாய்ந்து நீ கண்மூடிச் சிரித்த சிரிப்பு இப்போதும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த வருட மழை முடிவதற்குள் நோய் உன் ஈரலுக்குப் போய்விட்டது. நீயும் போய்விட்டாய்.

போன வாரம் உன் தம்பி மறுபரிசோதனைக்கு வந்தான். குடல் சுத்தமாக இருக்கிறதாம். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து, அக்கா ஆராய்ச்சிக்குக் கொடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறதா என்று தயங்கிக் கேட்டான். உறைகுளிர்ப் பெட்டியில் இருக்கிறது, ஆனால் எது அவளுடையது என்று எனக்கே தெரியாது, குழாய்களில் பெயர் எழுத மாட்டார்கள், வெறும் எண்தான் என்றேன்.

"அப்ப எல்லாத்தையும் பார்த்துப் பதமா எடுங்கக்கா" என்றான்.

அன்றிலிருந்து எந்தக் குழாயை எடுத்தாலும் இரண்டு கைகளாலும்தான் எடுக்கிறேன்.