உவர்நீரில் மூழ்கிய ஊசி

இன்று காலை வாய்க்காலோரம் யாரோ துணி ஊறவைத்திருந்தார்கள். துணி வெளுக்கும் ஈர உவர்மண்ணின் நெடி மூக்கில் ஏறியது. உன் சட்டையிலும் இதே நெடிதான். வகுப்பிலேயே வெள்ளையான சட்டை உன்னுடையது. "தொரை வந்துட்டாரு, எழுந்திரிங்கடா" என்று நான் கத்துவேன். நீ சிலேட்டால் என் முதுகில் ஒன்று வைப்பாய். இப்போது உன் அப்பா சலவைத்துணி எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் கொல்லைப்பக்கமாக ஓடிவிடுகிறேன்.

கொட்டாங்குச்சித் தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு, "தண்ணிக்குத் தோலு இருக்குதுடா" என்றாய் நீ. வாத்தியாரிடம் கேட்டோம். பிரெஞ்சு வழக்கப்படி நாம் அவரை மிசே என்றுதானே கூப்பிடுவோம். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளால் ஆனது, மேலே இருப்பவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால்தான் தோல்போல நிற்கிறது என்றார். காரம் சேர்ந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும், உவர்மண் அழுக்கெடுப்பது அப்படித்தான் என்றும் சொன்னார். எனக்குத் தெரிந்த காரம் மிளகாய் ஒன்றுதான், தலையாட்டினேன். நீ ஆட்டவில்லை. எலுமிச்சை நீர், சுண்ணாம்புத் தெளிவு, உவர்நீர் என்று ஒரு மாதமாக ஊசி விட்டுப் பார்த்திருந்தாய்.

"புளிப்போ காரமோ, பிடி கொஞ்சம் முன்னே பின்னே ஆவும், விட்டுடாது மிசே. எண்ணெப் பிசுக்கோட காரம் கூடினாத்தான் வழவழன்னு ஆயி தோலு கிழியுது."

"பள்ளிக்கூடம் பாக்கப் பிரெஞ்சுக்காரத் தொரை வர்றாரு. அவரு முன்னால உவர்நீர்ல மிதக்கவிடு. மிதந்தா புதுச்சேரிப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு உன் பேரை எழுதறேன்" என்றார் மிசே.

அன்று ஊசி எடுத்துக்கொடுக்கும் வேலை என்னுடையது. தைக்கும்போது ஊசி வழுக்கிப் போகட்டும் என்று என் அம்மா அதைத் தலைமுடியில் ஓர் இழுப்பு இழுப்பாள். நல்லது செய்வதாக நினைத்து நானும் என் தலையில் இழுத்துக் கொடுத்தேன். எலுமிச்சை நீரில் மிதந்தது. உவர்நீரில் கொஞ்சம் நின்றது, பிறகு மூழ்கியது. வகுப்பு சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்தேன். துரை அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

கரும்புக் கொல்லை ஓரமாக வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாய்: "இன்னைக்குத் தலைக்கு எண்ணெ வெச்சியாடா?"

"இல்லடா."

"ஊசியை எங்கனா தேச்சியா?"

"என்னை இன்னான்னு நெனச்சே? நான் வெளாட்டுப் புள்ளதான், திருட்டுப் புள்ள இல்ல."

நீ சிரித்தாய். என் நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாயா? பத்தாம் நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கேட்க வழியில்லை.

அப்புறம் நானே செய்து பார்த்தேன். கழுவித் துடைத்த ஊசி உவர்நீரில் மிதக்கிறது. தலையில் இழுத்த ஊசி மூழ்குகிறது. அன்று மூழ்கியதே நீ சொன்னதற்குச் சாட்சிதானே. "ஆமாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாளே மிசே முன்னால் போய் நின்றிருப்பாய். அந்தப் பத்து நாளாவது ஜெயித்தவனாக இருந்திருப்பாய்.

நேற்று மிசேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று இரண்டு கால்சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் அடிக்கவில்லை. கிண்ணத்தில் உவர்நீர் கொண்டுவரச் சொல்லி, இரண்டு ஊசிகளையும் தானே விட்டுப் பார்த்தார்.

"நாளன்னைக்குத் தொரை மறுபடி வர்றாரு. அவன் பேரைச் சொல்லி நீயே செஞ்சு காட்டு. அன்னைக்கு ஏன் முழுவுச்சுன்னும் சொல்லு."

துரை வருவது நாளைக்கு. தண்ணீர், எண்ணெய், ஊசி எல்லாவற்றுக்கும் பிரெஞ்சு வார்த்தை தெரியும். 'அவனிடம் பொய் சொன்னேன்' என்பதற்குத்தான் தெரியாது என்றேன். மிசே அதைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் பாதியில் தாளை மடித்துவிடுகிறேன். துரைக்கு முன்னால் உன்னிடம் நம் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணெ வெச்சிருந்தேன்டா.