பன்றியின் காதுக்கு முன்பதிவு

சிபாலோம்,
நவம்பர் 24

அன்பு மகன் ஆர்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உன் தங்கை ரிக்காவும் ஆண்டவர் தயவில் நலம். பன்றியும் போன வியாழக்கிழமை வரை நலமாகத்தான் இருந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, உன் போட்டோவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், அதற்குப் பிறகு வருகிறேன். பதில் போட இத்தனை நாளா என்று குறைப்படாதே. போனில் நான் என்ன திட்டி எழுதினாலும் ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, லீவு முடிந்து உன்னுடைய அதே மீன் ஃபாக்டரிக்குத் திரும்புகிற தேலியா அக்கா மகன் ரோவெல் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்துக்குப் பொம்மை அனுப்ப முடியாது. உட்கார்ந்து கடைசிவரை படி.

கல்லறைத் திருநாளன்று உன் தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். நெஸ்டர் சித்தப்பா பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, தோல் மொறுமொறுன்னு வரணும்னா தணல் மெதுவா இருக்கணும், கவலையே படாதீங்க, நானே வந்து திருப்புறேன்" என்றார். எதைத் திருப்பப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. போனைக் காட்டினார். ஃபேஸ்புக்கில் நீ எழுதியிருக்கிறாய், இந்தக் கிறிஸ்துமஸ் எங்க வீட்ல கம்புல சுழற்றிச் சுட்ட முழுப்பன்றி, ஊரே வாங்க, செலவு ஆர்வினோடது என்று. அதற்குக் கீழே ஊரே எழுதியிருக்கிறது. தலை எனக்கு என்று ஒருவர், வலது காது எனக்கு என்று இன்னொருவர். யாரையும் கேட்காமல், என்னையும் கேட்காமல், என் கொல்லையில் உயிரோடு நின்று தவிடு தின்றுகொண்டிருந்த பன்றியை ஊரார் பங்குபோட்டு முடித்துவிட்டார்கள். இறந்தவர்களுக்கு ஜெபம் சொல்ல வந்த இடத்தில் எனக்கு வாயில் வந்ததெல்லாம் ஜெபமில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி உண்டா? போகிற வருகிறவர்கள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். ஊர்த்தலைவர் தன் மனைவியையே கூட்டிவந்து, "மைலீன் டீச்சர், நல்லா ஊட்டிவிடுங்க, போன தடவைக்கு இப்ப இளைச்சிருக்கே" என்கிறார், ஏதோ அவர் பன்றி மாதிரி. முன்பெல்லாம் உன்னை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் மூன்று பேர் தங்களுக்குப் பிறந்த குழந்தைக்கு நீதான் ஞானத்தந்தை என்று கோயிலில் பெயர் கொடுத்துவிட்டார்கள். நீயும் எல்லாருக்கும் சரி சரி என்றிருக்கிறாய். ஏற்கனவே இருக்கிற உன் ஞானப்பிள்ளைகள் கிறிஸ்துமஸ் காலையில் என் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்க வாசலில் வரிசையாக நிற்பார்கள், அவர்களுக்குக் கவரில் போட பாங்கில் புது நோட்டு மாற்றுவதற்கே நான் வருஷம் முழுக்க எங்கள் பள்ளிக்கூட டீச்சர்கள் சீட்டில் பணம் கட்டுகிறேன். இப்போது இன்னும் மூன்று கவர். நீ ஹொக்கைடோவில் இருக்கிறாய், கதவைத் திறப்பது நான்.

ஆர்வின், டிசம்பர் செலவு டிசம்பரில் வருவதில்லை. செப்டம்பர் பிறந்ததும் ரேடியோவில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போடுகிறானே, அதற்கும் முன்னால் ஜூன் மாசமே நான் அந்தக் குட்டியை வாங்கினேன். வருஷக்கடைசியில் எனக்குப் போனஸாக வருகிற பதின்மூன்றாம் மாதச் சம்பளம் புயலில் போன கூரைக்குப் போகும் என்று தெரிந்துதான் வாங்கினேன். டிசம்பர் நடுவில் விலை ஏறும்போது விற்பது, அதில் கொஞ்சம் எடுத்து நள்ளிரவுப் பூசை முடிந்து சாப்பிட நூடுல்ஸ், பழ சாலட், ஒரு உருண்டை சீஸ், மிச்சம் அத்தனையும் ரிக்காவின் ஜனவரி ஃபீஸ். இது உனக்குத் தெரியாதா? ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சைக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கும் விடமாட்டார்கள். மூன்றாம் வருஷ நர்சிங்கில் ஒரு வருஷம் போனால் போனதுதான். ஃபீஸுக்கு என்ன வழி என்று உன்னைக் கேட்டதற்கு, "எப்படியும் பன்னி இருக்குல்லம்மா, பிப்ரவரி போனஸ்ல திருப்பித் தந்துடறேன்" என்றாய். காலேஜ்காரன் பிப்ரவரி வரை காத்திருப்பானா? உன் தங்கையோ தினமும் காலேஜுக்குப் போகுமுன் போய் அந்தப் பன்றிக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் விற்பதா வேண்டாமா என்று மனசு இரண்டாகத்தான் இருந்தது. உன் அப்பா டிரைசைக்கிள் ஸ்டாண்டில் ஏற்கனவே பெருமை பேசி முடித்துவிட்டார், "புள்ளை ஆசையா சொல்லிட்டான் மைலீன், இந்த ஒரு வருஷம் விட்டுடு, நான் ராத்திரி சவாரியும் எடுத்து ஃபீஸ் சேர்த்துடறேன்" என்று கெஞ்சினார். முதுகுவலிக்காரர் ராத்திரி சவாரி எடுப்பாராம். அப்போதுதான் பனி விழ ஆரம்பித்துவிட்டது என்று அந்தப் போட்டோவைப் போட்டாய். இரண்டு விரலை விரித்துக்கொண்டு சிரிக்கிறாய். எல்லாரும் உன் முகத்தைப் பார்த்து இதயம் இதயமாகப் போட்டார்கள். ரிக்கா படத்தைப் பெரிதாக்கி உன் காலைக் காட்டினாள். நீ கிளம்பும்போது இலோய்லோ டவுனில் நான் வாங்கிக் கொடுத்த அதே கான்வாஸ் ஷூ. உள்ளே தண்ணீர் இறங்காமல் இருக்க பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கணுக்காலில் கட்டியிருக்கிறாய். கடைப் பையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு தெரிகிறது. அக்டோபரில் நான் கேட்டபோது என்ன சொன்னாய்? "பூட்ஸ் வாங்கிட்டேன்மா, முட்டி வரைக்கும் இருக்கு." நெஸ்டரைப் பிடித்து உலுக்கியதில் சொல்லிவிட்டார், பூட்ஸ் பணத்தைத்தான் மைக் வைத்த பாட்டுப் பெட்டி வாடகைக்கு முன்பணமாக அவருக்கு அனுப்பியிருக்கிறாய் என்று. இங்கே நெஸ்டர் கள்ளத் தொண்டையில் பாடுவதற்கு அங்கே உன் கால் விறைக்க வேண்டுமா?

வியாழக்கிழமை வியாபாரியை வரச்சொல்லி விற்றுவிட்டேன். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் நல்ல விலை வந்திருக்கும், ஆனால் அதற்குள் யாராவது கத்தியோடு வந்துவிடுவார்கள் என்று பயம். அந்த நஷ்டமும் உன் கணக்கில்தான். சவாரி முடிந்து வந்த உன் அப்பா காலியான கொட்டிலைப் பார்த்துவிட்டு, "புள்ளை மானம் போச்சே" என்றார். "மானத்தைக் கால்ல மாட்டிக்கிட்டுப் பனியில நடக்க முடியுமா?" என்று கேட்டேன். சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் பன்றிக்குக் காய்ச்சல் கண்டு விற்றோம் என்று ஊரில் சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னார். பொய் சொல்லமாட்டேன் என்றேன். ரிக்கா ஃபீஸ் கட்டி ரசீது வாங்கியாகிவிட்டது. அன்று அவள் சொன்னாள், "அண்ணனுக்குப் பன்னி முக்கியமில்லம்மா. நாம எல்லாரும் சாப்பிட உக்காரும்போது நாலு பேர் அவன் பேரைச் சொல்லணும், அவ்வளவுதான்." தெரியும். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? அதற்காகத்தான் இவ்வளவு கோபம். நீ பேர் வாங்க ஒரு பன்றி செத்துச் சுழல வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? போன வருஷம் நீ ஒன்றும் அனுப்பவில்லை, அப்போதும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் உன் அப்பா உன் தட்டையும் மேஜையில் வைத்துவிட்டு அதைப் பார்த்தே அழுதார். உனக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விருந்து உண்டு. ஊரைக் கூப்பிட்டாகிவிட்டது, கதவை மூடவா முடியும்? ஆளுக்கு ஒரு பாத்திரம் கொண்டுவரட்டும், சோறும் நூடுல்ஸும் நம் வீட்டில். ஊர்த்தலைவரிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிப்போனார், கோழி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். பன்றி என்ன ஆயிற்று என்று மட்டும் நான் யாருக்கும் விளக்கம் சொல்லப்போவதில்லை. போனை மேஜை நடுவில் நிறுத்துகிறேன், நீயே சொல். தங்கச்சி படிப்புக்கு வித்துட்டோம் என்று சத்தமாகச் சொல், வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. காது கேட்டவருக்கும் நீயே பதில் சொல்லிக்கொள்.

ரோவெலிடம் கருவாடும் கம்பளிக் காலுறையும் கொடுத்திருக்கிறேன். பன்றிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து பூட்ஸுக்கென்று அவன் கையிலேயே கொடுத்திருக்கிறேன், உன் கையில் கொடுக்கக்கூடாது, கடைக்கு இழுத்துப்போய்க் காலில் மாட்டிவிட்டுத்தான் விடவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வருஷத்துக்கு ஜனவரியிலிருந்தே சம்பளத்தன்று கொஞ்சம் தனியாக எடுத்துவை, எவ்வளவு சேர்ந்தது என்று ஒருவருக்கும் சொல்லாதே, ஃபேஸ்புக்குக்கு முக்கியமாகச் சொல்லாதே. அது விருந்துக்கில்லை, விமான டிக்கெட்டுக்கு.

குழந்தை இயேசு உன்னைக் காக்கட்டும். உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல் மாதா தன் போர்வையில் வைத்துக்கொள்ளட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின விடியற்காலைப் பூசை ஒன்பது நாளும் உன் பேருக்குத்தான் போகிறேன். மறந்துவிடாதே, விருந்தன்று ராத்திரி போனில் வரும்போது முதலில் காலைக் காட்டு. பூட்ஸைப் பார்த்தபிறகுதான் உன் முகத்தைப் பார்ப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா
மைலீன்