கொதிக்கும் அண்டாவில் போட்ட பொடி

மைனா,

நேற்று சாயங்காலம் அந்த வாடை மறுபடியும் வந்தது. மிருகாஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தை ரோஸ்லி அக்கா பன்றிக் கொட்டகை வாசலில் நின்று பல்லால் கடித்துக் கிழித்தாள். பால்மாவில் புளித்த தயிர் பட்டது போல ஒரு வாடை. அவள் உதட்டிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. "இதைத் தின்னா எனக்கும் வயிறு நல்லாயிருமாடி?" என்று கேட்டாள். "உனக்கு மூட்டையாத்தான் வாங்கணும்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லித் தந்ததைப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு அவள் பாடம் எடுத்தாள். "கஞ்சிய இறக்கி வச்சு ஆற விடணும். கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கணும். கொதியில போட்டா உள்ள இருக்குற நல்ல கிருமி செத்துரும், அப்புறம் வெறும் மாவுதான்." உன்னை இந்தக் கொட்டகையில் நிற்க விடாமல் பேசிய வாய்தான் அதைச் சொன்னது. எனக்கு நாக்கு கசந்தது. அவள்மேல் கசந்ததா, என்மேல் கசந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்பாய். சொல்லிக்கொள். நாலாங்கிளாஸோடு நான் நின்றது உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். அம்மா கொழுந்து எடுக்கப் போனால் உன்னைப் பார்க்க வேறு யார் இருந்தார்கள்?

ஏலக்காட்டுக்குக் கீழே நம்முடைய துண்டு நிலத்தில் அஞ்சு பொம்பிளைகள் சேர்ந்து அந்தக் கொட்டகையைப் போட்டோம். பன்னிக்காரிகள் என்று லயத்து வீடுகளில் கேலி பண்ணினார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்களே வந்து கறிக்குச் சொல்லி வைத்தார்கள். தீனி வேகவைப்பது என் வேலை. சின்னக்கானல் ஓட்டல்களில் மிஞ்சுகிற சோறும் காயும் ஜீப்பில் வரும், அது பெரிய பன்றிகளுக்குப் பெரிய அண்டாவில். பால் மறக்கடித்த குட்டிகளுக்குத் தனியாகச் சின்ன அண்டாவில் கஞ்சி. கூட்டத்துக்குப் போவதும் மருந்து வாங்குவதும் உன் வேலை. பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள் நீ. பேசத் தெரிந்தவள். வாய் ஓயாது என்றுதான் உனக்கு மைனா என்று பெயரே வந்தது.

பால் மறந்த ஒரு வாரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் வருவது நமக்குப் புதுசு இல்லை. வால் நனைந்து, முதுகு வளைந்து, சாக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கும். மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் போடுவோம். வராத குட்டிக்கும் போடுவோம், வந்துவிடக்கூடாது என்று. முதலில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மிருகாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "நீங்க சும்மா சும்மா குடுத்து அந்தக் கிருமிக்கு மருந்து பழகிப்போச்சு" என்று திட்டினார். அவர்தான் உன்னை இரண்டு நாள் பயிற்சிக்கு வரச்சொன்னார்.

நீ திரும்பி வந்த சாயங்காலம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. ஜீப்பிலிருந்து குதித்தாய், முகம் கழுவவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாரையும் கொட்டகை முன்னால் உட்கார வைத்தாய். கையில் இரண்டு பொட்டலம்.

"இது நல்ல கிருமி. உயிரோட இருக்கு. குட்டி வயித்துல போயி இடத்தப் பிடிச்சுக்கிட்டா கெட்ட கிருமிக்கு உட்கார இடம் இருக்காது. இது இன்னொண்ணு. அந்த நல்ல கிருமி திங்கறதுக்கு. குட்டிக்குச் செமிக்காது, கிருமிக்குச் செமிக்கும்."

"கிருமிக்கும் நாம்தான் சோறு போடணுமா? புருஷனுக்குப் போடுறது பத்தாதா?" என்றாள் ரோஸ்லி அக்கா. நீயும் சிரித்தாய்.

"சீக்கு வந்தப்புறம் நிப்பாட்டுற மருந்து இல்ல இது. வராம காக்குறது. கஞ்சி நல்லா ஆறினப்புறம்தான் கலக்கணும்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். உயிரோடு இருக்கிற கிருமியைக் குட்டிக்கு எப்படிடி கொடுப்பது என்று கேட்கத்தான் திறந்தேன். அதற்குள் நீ, "அக்காவுக்கு இதெல்லாம் புரியாது. யக்கா, நான் சொல்றபடி செஞ்சாப் போதும்" என்றாய். எல்லார் முன்னாலும் சொன்னாய். நீ அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. செத்தவளிடம் இதைச் சொல்லிக் காட்டுகிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் மிச்சத்தை எழுத முடியாது.

நமக்கு நடுவில் ஒருத்தன் பிறந்திருந்தான். நீ பிறக்கும் முன்னாலேயே போய்விட்டான். ஓடைத் தண்ணீர் குடித்து, இரண்டு நாள் வயிற்றாலே போய், அம்மா மடியிலேயே முடிந்தான். மூன்றாவது நாள் காலையில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: "கொதிக்க வச்சுக் குடுத்தா என்ன?" அதற்குப் பிறகு நம் வீட்டில் கொதிக்காத எதுவும் வாய்க்குள் போனதில்லை. நீ குடித்த ஒவ்வொரு வாய்த் தண்ணீரையும் கொதிக்க வைத்தது நான். எனக்குக் கிருமி என்றால் ஒன்றுதான். அதில் நல்லது கெட்டது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அதனால் கஞ்சி கொதிக்கும்போதே இரண்டு பொட்டலத்தையும் போட்டேன். மூடி வைத்து மூன்று கொதி விட்டேன். உயிர் போகட்டும், மாவில் இருக்கிற சத்து குட்டிக்குச் சேரட்டும் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்றும் நினைத்தேன். தினமும் அப்படித்தான் செய்தேன். நீ மஸ்டரில் கையெழுத்துப் போட்டு கொழுந்தெடுக்க மலை ஏறின பிறகு செய்தேன்.

உன் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தோம். எட்டாம் நாள் கழிச்சல் தொடங்கியது. பதினோரு குட்டி. நாலு நாளில் ஒன்பது போய்விட்டது. நீ ஒவ்வொன்றாகத் தூக்கி உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாய். உன் சட்டை முழுக்க மஞ்சளாக இருந்தது. சுண்ணாம்பு போட்டுக் குழியை மூடியதும் ரோஸ்லி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "படிச்ச புள்ள கிருமியப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்து ஊட்டுச்சு. வேற என்ன ஆகும்?" என்றாள்.

நீ என் பக்கம் திரும்பினாய்.

"யக்கா, ஆற வச்சுத்தானே கலந்தே?"

"ஆமா" என்றேன்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நீ யோசிக்கவில்லை. "அப்ப தப்பு என்மேலதான்" என்று அவர்களிடம் சொன்னாய்.

கொட்டகை கொட்டகையாகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு உன் பெயரைத்தான் டாக்டரம்மா பஞ்சாயத்தில் சொல்லி வைத்திருந்தார். அந்த வேலை கிடைத்தால் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம் என்று நீ எத்தனை நாள் சொல்லியிருப்பாய். ஒன்பது குட்டியைக் கொன்றவளா எங்களுக்குச் சொல்லித் தருவது என்று நம் கொட்டகைக்காரிகளே மெம்பரிடம் போய்ச் சொன்னார்கள். வேலை வேறொருத்திக்குப் போனது. கடைக்குப் போனால், "என்ன கிருமி டாக்டரே" என்று கூப்பிட்டார்கள். நீ பேச்சைக் குறைத்தாய். பிறகு திருப்பூர் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெட்டி கட்டினாய்.

நீ போன பிறகு வந்த பனிக்காலத்தில் ஒரு நாள் பாலுக்கு உறை ஊற்றப் போனேன். பால் சூடாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று தள்ளி வைத்தேன். கரண்டியில் உறைமோரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சூட்டில் ஊற்றினால் தயிர் ஆகாது, திரிந்து போகும் என்று எனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும். உயிரோடு இருப்பதைத்தானே தினமும் என் பிள்ளைகளுக்குச் சோற்றில் பிசைந்து போட்டிருக்கிறேன். "உயிரோட இருக்கு" என்று நீ சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த உயிர்தான் மருந்து. அதைத்தான் நான் வேகவைத்தேன்.

அப்போது நீ உயிரோடு இருந்தாய், மைனா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் போடுவாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றிச் சொன்னேன். யானை வந்து ஏலச்செடியை மிதித்ததைச் சொன்னேன். "ஏதோ சொல்ல வந்தியே யக்கா?" என்று ஒரு தடவை கேட்டாய். "ஒண்ணுமில்லடி, சாப்பிட்டியா?" என்றேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படி எத்தனை ஞாயிறு போனது.

பிறகு மஞ்சக்காமாலை என்றார்கள். விடுதியில் ஐந்தாறு பேருக்கு வந்ததாம். தண்ணீர் சரியில்லையாம். மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். உன்னைப் போடிமெட்டு வழியாக ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உனக்குக் கொதிக்க வைத்துக் கொடுக்க அங்கே யார் இருந்தார்கள் என்று நான் அழுதபோது எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். ரோஸ்லி அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மாவிடம் போன மாதம் கேட்டுவிட்டேன். ஆற வைத்துக் கலந்திருந்தால் பிழைத்திருக்குமா என்றேன். "சொல்ல முடியாதும்மா. சில ஈத்துக்குக் கேக்கும், சில ஈத்துக்குக் கேக்காது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் அடைய முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. நான் உன்னிடம் சொன்ன பொய்க்கும் குட்டி பிழைப்பதற்கும் என்ன சம்பந்தம்? பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் என்றேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நேற்று ரோஸ்லி அக்கா பாடம் எடுத்து முடித்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன்: "அன்னைக்குக் கொதியில போட்டது நான்தான். அவ ஆற வைக்கத்தான் சொன்னா. நான்தான் கேக்கல."

ரோஸ்லி அக்கா கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டே, "என்னைக்கு?" என்றாள்.

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அட, அதுவா. செத்த பன்னிய இப்ப எதுக்குத் தோண்டுற? எந்திரி, கஞ்சி ஆறிப்போவுது."

அவ்வளவுதான். அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று நான் இத்தனை நாள் பயந்தேனே, அவர்கள் அதை எப்போதோ மறந்துவிட்டார்கள். உன்னை ஊரைவிட்டு ஓட்டின பேச்சு அவர்களுக்கு ஒரு நாளைக்கு மென்று துப்பின வெற்றிலை. அந்த "ஆமா" மட்டும் என் வாயில் கிடக்கிறது. கஞ்சி குடித்தாலும் இறங்காது, ஜெபம் சொன்னாலும் இறங்காது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். திருப்பூருக்குப் போவதற்கு முதல் நாள் குட்டிக் கஞ்சி அண்டாவைக் குழாயடிக்கு இழுத்துப்போய் நீ கழுவினாய். அது உன் வேலையே இல்லை. குட்டிகள் போனபின் கழுவாமல் கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா. அடியில் பொடி தீய்ந்து, பால் அடிப்பிடித்த மாதிரி ஒரு வட்டம் கட்டியிருந்தது. ஆறின கஞ்சியில் கலந்த பொடி அப்படித் தீயாது. நீ அதை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாய். விறகுக் கட்டோடு நான் பின்னால் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "நல்லா அடி பிடிச்சிருக்கு யக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாம்பலைப் போட்டு அந்த வட்டம் போகிற வரைக்கும் தேய்த்தாய்.

உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா, மைனா? தெரிந்தும்தான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பஸ் ஏறினாயா?