கறுப்பு மைக்கும் உன் கைக்குட்டையும்

தம்பி,

பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். இன்று காலை அவள் பையிலிருந்து அந்தக் கறுப்பு மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் தலையில் நீ கட்டிவிட்ட கைக்குட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. மோந்து பார்த்தேன். உன் மூக்குப்பொடி வாசனை. "ஆயா, மைக்க யாராச்சும் மோந்து பாப்பாங்களா?" என்று சிரிக்கிறாள்.

நம் ஊரில் எஃப்.எம். புதிதாக வந்த வருஷம் அது. ரேடியோவில் பேச ஆள் எடுக்கிறார்கள், குரலைப் பதிந்து சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று பேத்தி வந்து நின்றாள். அவள் அம்மா போன பிறகு வாய் திறந்து ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

மைக் வாங்க உன்னைக் கூப்பிட எனக்கு மனசே இல்லை. முதலியார்பேட்டையில் அத்தனை வருஷம் மைக் செட் வைத்திருந்தவன்தான் நீ. ஆனால் என் பெண் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், உன் குழாய் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியதை நான் மறப்பேனா? நல்ல செட்டை வேறு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டு எனக்குப் பழசை அனுப்பினாய் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேறு வழி தெரியாமல் நாம் மூன்று பேரும் போனது, பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்தில் உனக்குப் பழக்கமான கடைக்கு. கடைக்காரர் வெள்ளி நிறத்தில் ஒரு மைக்கை எடுத்து வைத்தார். பளபளவென்று கண்ணைப் பறித்தது. நீ அதைத் தொடவே இல்லை. மூலையில் கிடந்த கறுப்பை எடுத்து, கைக்குட்டையை அதன்மேல் கட்டி, "பேசு கண்ணு" என்றாய்.

"இன்னாடா இது, ஆடி மாசம் கூழ் ஊத்துற எடத்துல மைக்குக்குத் துணி கட்டுறதாட்டம் கீது? அந்த வெள்ளிக்கு இன்னா கொறச்சல்?"

"அது சத்தமே இல்லாத ரூமுக்கு, அக்கா. சுத்தி நடக்கறதெல்லாம் இழுக்கும். இது வாய்கிட்ட பேசுனாத்தான் கேக்கும், மத்தத கண்டுக்காது. நம்ம வூட்டுக்கு இதான்."

பிறகு கடைக்காரரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஏதோ சொன்னாய். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். அங்கேயே எனக்குப் பற்றிக்கொண்டது. போகாத சரக்கை என் தலையில் கட்டுகிறீர்கள் என்று முடிவே செய்துவிட்டேன்.

மறுநாள் தனியாகப் போய், வாங்கி வந்த கறுப்பைக் கொடுத்துவிட்டு வெள்ளி மைக்காக மாற்றிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

பதிந்ததைப் போட்டுக் கேட்டால், கடலூர் ரோட்டு பஸ் ஹாரன், எதிர்வீட்டு மிக்சி, நான் பூனையைத் திட்டுவது, எல்லாவற்றுக்கும் நடுவே எங்கேயோ அவள் குரல். நாலு தரம் பதிந்தும் அதே கதை. வெள்ளிக்கிழமை அவள் அழ ஆரம்பித்தபோது நீ வந்தாய். ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "அக்கா, உன் கொழம்பு கொதிக்கறதுகூட கேக்குது" என்றாய். உன் பையிலிருந்து அதே கறுப்பு மைக் வந்தது. வெள்ளி மைக் உன் பைக்குள் போனது.

"ஓகோ! நல்லத நீ அமுக்கிக்கத்தான் இந்த நாடகமா?"

நீ கைக்குட்டையை மைக்கில் கட்டிவிட்டு, வைத்த குழம்பைத் தொடாமல் போனாய். அவளுக்கு வேலை கிடைத்தது. அந்தப் பேச்சை அப்புறம் நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

உன் காரியத்துக்கு அந்தக் கடைக்காரர் வந்திருந்தார். அவராகவே சொன்னார்:

"அன்னிக்கு உங்க தம்பி எங்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமாம்மா? 'எங்க இன்ஸ்பெக்டரம்மா நாளைக்கே வந்து வெள்ளிய கேக்கும். சண்ட போடாத, மாத்திக் குடு. கறுப்ப மட்டும் யாருக்கும் வித்துடாத, நான் வந்து எடுத்துக்கறேன்'னாரு. அப்படியே வந்து எடுத்துக்கினாரு. மறுநாளே வெள்ளியத் திருப்பியும் குடுத்துட்டாரு."

துக்க வீட்டில் நாலு நல்ல வார்த்தை சொல்கிறார் என்று முதலில் அவரையும் நம்பவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரம்மா என்று என்னைச் சொல்லக்கூடியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கு இருக்கிறது. கல்யாணத்து ஸ்பீக்கரையும் நான் விட்டுவிடவில்லை. இப்போதும் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தால் சந்தேகம்தான் வருகிறது. ஆனால் உடனே பாயாமல் கொஞ்சம் நிற்கிறேன், தம்பி. உன்னைப் போல் ஒருத்தன் எனக்காக எதையாவது எடுத்து வைக்கச் சொல்கிறானோ என்னவோ.