ஆபீஸ் வாசலில் ஒரு பாய்லர்

8 மார்ச் 1937, திங்கள்

மதுரையிலிருந்து பகல் வண்டியில் ஒரு பித்தளை பாய்லர் வந்து இறங்கியிருக்கிறது. அடியில் கரி அடுப்பு, பக்கத்தில் குழாய். முதலாளியின் யோசனை. நம் ஆட்கள் வேலை நேரத்தில் ரோட்டைத் தாண்டிக் காப்பிக் கிளப்புக்குப் போய்விடுகிறார்களாம், மெஷின் சும்மா சுற்றுகிறதாம். உள்ளேயே காப்பி கொடுத்தால் கேட்டைத் தாண்ட மாட்டார்களாம். எல்லாம் சரி. நான் பருத்தி அரவைக்கு மானேஜரா, காப்பிக் கிளப்புக்கா?

9 மார்ச்

காப்பி போட மாயக்காளை வைத்தேன். பருத்தியில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தவள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். தூசி நெஞ்சில் இறங்கி, பேச வாயெடுத்தால் இருமல்தான் முதலில் வருகிறது. தூசிப் பக்கமே போகக்கூடாது என்று பெரியகுளம் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போகாவிட்டால் கஞ்சிக்கு என்ன வழி என்று அவர் சொல்லவில்லை. அந்த வகையில் பாய்லர் வந்தது நல்லதுதான்.

பால், சீனி எதுவும் களவு போகாமல் என் கண்முன்னே இருக்கட்டும் என்று ஆபீஸ் வாசலிலேயே அதை வைத்துவிட்டேன்.

12 மார்ச்

ஒருத்தரும் வரவில்லை.

16 மார்ச்

லோட்டா பஞ்சாயத்து. யார் குடித்த டம்ளரில் யார் குடிப்பது என்று காலையிலிருந்து ஒரே பேச்சு. அவரவர் வீட்டு லோட்டாவைக் கொண்டு வந்து தொலையுங்கள் என்றேன். கொண்டுவந்தார்கள். ஆணியில் வரிசையாகத் தொங்குகின்றன. குடிக்கத்தான் ஆள் இல்லை.

18 மார்ச்

பாலைக் கூட்டச் சொன்னேன். சீனியையும் கூட்டச் சொன்னேன். நாற்காலியை வாசலில் போட்டு நானே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டேன். மெஷின் ஓட்டும் சுருளியாண்டி வந்தான். லோட்டாவை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். குடியப்பா என்றேன். "இருக்கட்டுங்கய்யா" என்றான். ஆறும்வரை நின்றுவிட்டு, லோட்டாவைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நழுவிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எதிரே கிளப்பில் கால் மேல் கால் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் —

வேண்டாம். எழுதினால் இன்னும் ஏறும்.

25 மார்ச்

முதலாளி சொல்லியனுப்பிவிட்டார். அடுத்த மாதம் வந்து பார்ப்பாராம். ஆள் குடிக்காத பாய்லர் எதற்கு, மதுரைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்கிறார். பாய்லர் போகட்டும், பித்தளைதானே. மாயக்காள் எங்கே போவாள்? மறுபடி தூசிக்குத்தான். சாயங்காலம் மீந்த காப்பியைக் கொட்டிக்கொண்டே கேட்டாள்: "நான் போடுறது நல்லா இல்லையாய்யா?"

நன்றாகத்தான் இருக்கிறது. தினமும் குடிக்கிறவன் நான் ஒருவன்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

30 மார்ச்

நேற்று தேவாரம் ஊரில் சித்தப்பா வீட்டு விசேஷம். இன்று வந்து பார்த்தால் பாலும் இல்லை, தூளும் இல்லை. ஒரு நாள் நான் இல்லையென்றால் இப்படியா? வாட்ச்மேன் சின்னக்கருப்பைப் பிடித்து, யாருக்கு விற்றாய் என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மாயக்காள்தான் குறுக்கே வந்தாள்.

"அவரை வையாதீகய்யா. எல்லாரும் குடிச்சாக. நேத்து நீங்க இல்லைல்ல."

நான் இருந்தால் என்ன என்றேன்.

"உங்க முன்னால எப்படிய்யா குடிப்பாக?"

நான் என்ன புலியா? கடித்தா தின்றுவிடுவேன்? சரி, நேற்று நான் என்ன செய்தேன்? பந்தி முடிந்ததும், சித்தப்பா இருக்கிறாரே என்று சுவருக்குப் பின்னால் போய் நின்றுதானே வெற்றிலை போட்டேன். இத்தனை நாளும் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் காத்தவனை என்ன சொல்ல.

31 மார்ச்

பாய்லரைப் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால், புளியமரத்தடிக்கு மாற்றியாயிற்று. அந்தப் பக்கம் நான் போகக்கூடாது என்பது எனக்கு நானே போட்ட உத்தரவு. சீனி களவு போனால் போகட்டும்.

12 ஏப்ரல்

முதலாளி வந்தார். நேரே புளியமரத்தடிக்குப் போய் நாற்காலி போடச் சொன்னார். ஆட்கள் குடிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். இத்தனை நாளாகக் கலகலவென்று இருந்த இடம். அத்தனை பேரும் லோட்டாவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். சுருளியாண்டி மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் குடிக்கக் காணோமே. ஏத்தி அனுப்பிரும்" என்றார்.

மாயக்காள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"முதலாளி இங்கன உக்காந்திருந்தா ஒருத்தரும் குடிக்க மாட்டாக. எந்திரிச்சு ஆபீசுக்கு வாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் முகம் சிவந்து என்னையே பார்த்தார். பிறகு எழுந்து நடந்தார். ஆபீஸில் இருவரும் போய் உட்கார்ந்தோம். வேர்வையில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலாளி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்றார். பாய்லரைப் பற்றி வேறு பேச்சில்லை.

22 ஏப்ரல்

காப்பி வாங்கிவரச் சின்னக்கருப்பை அனுப்பினேன். தீர்ந்துபோச்சு, நாளைக்கு எடுத்து வைக்கிறேன் என்று மாயக்காள் சொல்லியனுப்பியிருக்கிறாள். சொல்லும்போது இருமினாளா என்று கேட்டேன். இல்லை என்றான்.

தலைவலி தாங்காமல் ரோட்டைத் தாண்டிக் கிளப்புக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தேன். அது ஒரு காப்பியா. இன்று வேலை நேரத்தில் கேட்டைத் தாண்டிய ஆள் நான் ஒருவன்தான்.